கோட்டை ஒருவர் பெயரில், கல்லறை இன்னொருவருக்கு

ஒரு கோட்டை. வாசலில் ஒருவர் பெயர். உள்ளே இன்னொருவர் கல்லறை. இரண்டு பேருமே பிரெஞ்சு ராணுவத்தின் உடுப்பைப் போட்டவர்கள். 1802ம் வருடம் மே மாதம் ஒருவரையொருவர் ஒழித்துக்கட்டப் பார்த்தவர்கள். ஜெயித்தவர் கல்லறைக்குள் இருக்கிறார். தோற்றவர் வாசலில் இருக்கிறார்.

குழப்பமாக இருக்கிறதா? குவாதலூப் தீவில் எந்த மியூசியத்துக்குப் போனாலும், எந்தப் பழைய கட்டடத்துக்குள் நுழைந்தாலும் இந்தக் குழப்பம் கூடவே வரும். யாருக்குச் சிலை, யார் பெயரில் வாசல், யாருக்கு வெறும் மண் என்று இருநூறு வருடமாக அங்கே ஒரு பஞ்சாயத்து நடக்கிறது. அது என்ன பஞ்சாயத்து என்று தெரியாமல் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தால் நாலு செங்கல் சுவரும் கடல் காற்றும்தான் மிச்சம்.

முதலில், குவாதலூப் எங்கே இருக்கிறது? கிரிக்கெட் புண்ணியத்தில் நமக்கு ஜமைக்கா தெரியும், பார்படாஸ் தெரியும், ஆன்டிகுவா தெரியும். குவாதலூப் தெரியாது. காரணம் சிம்பிள். அது பிரெஞ்சுக்காரர்களின் தீவு. ஆன்டிகுவாவுக்குத் தெற்கே, டொமினிகாவுக்கு வடக்கே, மேப்பில் ஒரு பட்டாம்பூச்சி சிறகை விரித்த மாதிரி இருக்கும். இன்றைக்கும் அது தனி நாடு கிடையாது. பிரான்சின் ஒரு பகுதி. கடையில் யூரோ கொடுக்கலாம். பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு எம்.பி. அனுப்புகிறார்கள்.

பட்டாம்பூச்சியின் இடது சிறகுக்கு பாஸ்தேர் என்று பெயர். பிரெஞ்சில் 'தாழ்ந்த நிலம்' என்று அர்த்தம். அதில்தான் 1,467 மீட்டர் உயரத்துக்கு லா சூஃப்ரியேர் எரிமலை நிற்கிறது. வலது சிறகு கிராந்த்தேர். 'பெரிய நிலம்'. அளவில் இதுதான் சின்னது. பெயர் வைத்தவர் என்ன நினைப்பில் வைத்தாரோ! பெயருக்கும் ஆசாமிக்கும் சம்பந்தமில்லாத வழக்கம் அங்கிருந்தே ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தீவின் பழைய பெயர் கருக்கெரா. 1493 நவம்பரில் கொலம்பஸ் தன் இரண்டாவது பயணத்தில் வந்து, ஸ்பெயினில் உள்ள ஒரு மாதா கோயிலின் பெயரைச் சூட்டிவிட்டுப் போனார். அதற்கு முன்னால் இருந்தவர்கள் த்ருவா ரிவியேர் என்ற ஊரில் பாறைகளில் முகங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கும் மேற்பட்ட முகங்கள். இரண்டு வட்டக் கண், ஒரு வாய், அவ்வளவுதான். 1635ல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அடித்து, விரட்டி, நோய் பரப்பி, கொஞ்ச காலத்தில் செதுக்கியவர்களின் வாரிசுகளைத் தீவைவிட்டே துடைத்தாகிவிட்டது. இப்போது அந்தப் பாறைகள் ஒரு பூங்காவுக்குள் இருக்கின்றன.

அப்புறம் சர்க்கரை.

சர்க்கரையின் மதிப்பு என்ன என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் போதும். ஏழாண்டுப் போரில் பிரிட்டிஷ்காரர்கள் பிரான்சிடமிருந்து கனடாவையும் பிடித்தார்கள், குவாதலூப்பையும் பிடித்தார்கள். 1763ல் பாரிசில் சமாதானப் பேச்சுவார்த்தை. பிரான்ஸ் என்ன செய்தது தெரியுமா? கனடாவை நீயே வைத்துக்கொள், எனக்கு என் தீவுகளைக் கொடு என்று வாங்கிக்கொண்டது. அன்றைய வரவு செலவுக் கணக்கில் அது புத்திசாலித்தனமான பேரம். பனி மூடிய காட்டில் என்ன விளையும்? இங்கே கரும்பு விளைகிறது. கரும்பு வெட்ட ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக ஆள் வருகிறது. கூலி கிடையாது.

கூலி கிடையாது என்பதற்குச் சட்டமே இருந்தது. பதினாலாம் லூயி 1685ல் கொண்டுவந்த 'கறுப்புச் சட்டம்'. மொத்தம் 60 பிரிவுகள். அதில் 44வது பிரிவு, அடிமைகளை அசையும் சொத்து என்கிறது. நான் பி.காம். படித்தவன். அசையும் சொத்து, அசையாச் சொத்து என்று முதல் வருடத்திலேயே உருப்போட வைப்பார்கள். நாற்காலி, மேஜை, மாடு, வண்டி. அந்த வரிசையில் மனிதன் வந்தால் எப்படியிருக்கும்? பழைய தோட்டங்களின் சொத்துக் கணக்கைப் பார்த்தால் அப்படித்தான் வருகிறான். பெயர், வயது, வேலை, உடம்பில் என்ன கோளாறு, விலை. அடுத்த பக்கத்தில் கோவேறு கழுதைகள். அவற்றுக்கும் இதே மாதிரி. கைதேர்ந்த கணக்குப்பிள்ளை எழுதிய, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாத ஏடு. பயமே அதுதான்.

குவாதலூப்புக்குப் பக்கத்தில் மரி கலாந்த் என்ற குட்டித்தீவு இருக்கிறது. அங்கே மூரா என்ற பழைய கரும்புத் தோட்டத்தை மியூசியமாக வைத்திருக்கிறார்கள். கம்பீரமான பங்களா, காற்றாலைக் கோபுரம், புல்வெளி, தூரத்தில் கடல். கல்யாண போட்டோ எடுக்கத் தோன்றும். 1839ல் இந்த ஒரு தோட்டத்தில் மட்டும் 307 அடிமைகள் இருந்தார்கள். பங்களா கல்லால் கட்டியது, நிற்கிறது. 307 பேர் இருந்த குடிசைகள் மரத்தாலும் ஓலையாலும் கட்டியவை. அவை எங்கே நிற்கும்? எந்த ஊரிலும் பழைய காலத்தைப் பார்க்கப் போகிறவன் கண்ணில் முதலில் படுவது முதலாளி வீடுதான்.

ஆனால் கல்லால் கட்டிய இன்னொன்றும் உண்டு. வடக்கே ஆன்ஸ் பெர்த்ரான் பகுதியில் மாவோதியேர் என்றொரு தோட்டம். அங்கே ஒரு சின்ன அறை மிச்சமிருக்கிறது. தோட்டத்தின் தனியார் ஜெயில். லூசில் என்ற அடிமைப் பெண்ணை அதன் முதலாளி அதற்குள் போட்டு அடைத்தார். தன் மனைவிக்கு விஷம் வைத்துவிட்டாள் என்று சந்தேகம். சந்தேகம்தான். விசாரணை, சாட்சி எதுவும் கிடையாது. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. 22 மாதம். விஷயம் வெளியே கசிந்து, 1840ல் முதலாளி மேலேயே வழக்கு வந்தது. கோர்ட் என்ன சொன்னது? முதலாளி நிரபராதி. பிரான்சில் பத்திரிகைகள் கொதித்தன, புத்தகத்தில் எழுதினார்கள், எல்லாம் நடந்தது. தீர்ப்பு தீர்ப்புதான்.

இந்த 1840 என்ற வருடத்தை மனத்தில் வையுங்கள். ஏனென்றால் அதற்கு நாற்பத்தாறு வருடத்துக்கு முன்னாலேயே குவாதலூப்பில் அடிமைமுறை ஒழிந்துவிட்டது!

ஆமாம். ஒழிந்து, திரும்ப வந்தது.

1789ல் பிரெஞ்சுப் புரட்சி. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். இதெல்லாம் கறுப்பர்களுக்கும் உண்டா என்று பாரிசில் நான்கைந்து வருடம் யோசித்தார்கள். பக்கத்து சான் தொமிங்குவில், அதாவது இன்றைய ஹெய்தியில், அடிமைகள் எழுந்து தோட்டங்களைக் கொளுத்திய பிறகு யோசனை வேகமானது. 1794 பிப்ரவரி 4ம் தேதி அடிமைமுறை ஒழிந்தது என்று தீர்மானம் போட்டார்கள். அந்தச் சமயம் பார்த்து குவாதலூப்பை பிரிட்டிஷ்காரர்கள் பிடித்துவைத்திருந்தார்கள். தீர்மானத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க விக்டர் யூக் என்றொரு ஆசாமியைக் கப்பலில் அனுப்பியது புரட்சி அரசு. அவர் ஒரு கையில் விடுதலைத் தீர்மானமும் இன்னொரு கையில் கில்லட்டினுமாக வந்து இறங்கினார். உவமை இல்லை, நிஜமாகவே கப்பலில் கில்லட்டின் வந்தது.

விடுதலையான அடிமைகளைச் சிப்பாய்களாக்கினார். வருடம் முடிவதற்குள் பிரிட்டிஷ்காரர்களைத் துரத்திவிட்டார். மன்னர் பக்கம் நின்ற தோட்ட முதலாளிகளின் தலைகள் உருண்டன. தப்பியவர்கள் கிடைத்த படகில் ஏறி ஓடினார்கள். தீவின் பெரிய நகரமான புவாந்த்தாபீத்ரில் துறைமுகத்தை ஒட்டி ஒரு சதுக்கம் இருக்கிறது. பெரிய மரங்கள், நிழல், அரட்டைக் கச்சேரிகள். பெயர் வெற்றிச் சதுக்கம். யூகின் வெற்றிதான் அது. கில்லட்டின் நின்றதும் அங்கேதான்.

பக்கத்திலிருக்கும் மார்த்தினிக் தீவு அந்த நேரத்தில் பிரிட்டிஷ் கையிலேயே இருந்துவிட்டதால் அங்கே தலையும் உருளவில்லை, விடுதலையும் வரவில்லை. அங்குள்ள பழைய வெள்ளை முதலாளிக் குடும்பங்கள் அப்படியே நிலைத்துவிட்டன. இரண்டு தீவுகளுக்கும் இன்றுவரை இருக்கும் வித்தியாசத்தில் பாதி இந்தச் சில மாதங்களில் முடிவானது.

யூகும் பெரிய மகான் இல்லை. விடுதலை சரி, அதற்காகக் கரும்பு வெட்டாமல் இருக்கமுடியுமா என்று எல்லோரையும் மறுபடி அதே தோட்டத்துக்கு அனுப்பினார். ஆனாலும் யாரும் யாரையும் விற்க முடியாது. சவுக்கு கிடையாது. ஒரு கறுப்பன் ராணுவத்தில் ஆபீசராகலாம். எட்டு வருடம் அப்படி ஓடியது. எட்டு வருடம் என்பது ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, தன்னைச் சுதந்திர மனிதன் என்றே நினைத்துக்கொள்ளப் போதுமான காலம்.

அப்புறம் நெப்போலியன் வந்தார்.

1802. பிரிட்டனோடு சமாதானம் ஆகிவிட்டது. கடல் திறந்துவிட்டது. சர்க்கரை வியாபாரிகள் நெப்போலியனின் காதைக் கடித்தார்கள். கூலி கொடுத்துக் கரும்பு வெட்டினால் கட்டுப்படியாகாது. நெப்போலியன், ஜெனரல் ரிஷ்பான்ஸ் என்ற இளம் தளபதியை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களோடு குவாதலூப்புக்கு அனுப்பினார். மே 6ம் தேதி கப்பல்கள் வந்தன. வரவேற்கப் போன கறுப்புச் சிப்பாய்களிடம் முதலில் துப்பாக்கியைக் கீழே வை என்றார்கள். அதற்கு மேல் புரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

லூயி தெல்கிரெஸ் புரிந்துகொண்டார். மார்த்தினிக்கில் பிறந்தவர். வெள்ளை அப்பா, கறுப்பு அம்மா. பிரெஞ்சுக் குடியரசுக்காகப் பல வருடம் சண்டை போட்டு ஆபீசரானவர். அந்தக் குடியரசுதான் இப்போது விலங்கோடு வந்திருக்கிறது. மே 10ம் தேதி ஓர் அறிக்கையை அச்சடித்து வெளியிட்டார். பாரிசுக்கும் அல்ல, நெப்போலியனுக்கும் அல்ல; உலகம் முழுமைக்கும் என்று முகவரி போட்ட அறிக்கை. எங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, எதிர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை, வரப்போகும் தலைமுறையே, எங்களுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடு என்பது அதன் சாரம். ஜெயிப்போம் என்று அதில் ஒரு இடத்தில்கூட இல்லை. அவருக்கே தெரிந்திருக்கிறது.

எல்லோரும் அவர் பக்கம் வந்துவிடவில்லை. தெல்கிரெசைப் போலவே கலப்பினத்தவரான பெலாஜ் என்ற அதிகாரி ரிஷ்பான்ஸ் பக்கம் போனார். குடியரசு துரோகம் செய்யாது என்று நம்பினார். சண்டை முடிந்ததும் அவரையும் பிடித்து பிரான்சில் ஜெயிலில் போட்டார்கள் என்பது தனிக்கதை.

நாம் ஆரம்பத்தில் பார்த்த கோட்டைக்கு இப்போது வாருங்கள். பாஸ்தேர் நகரத்தில், எரிமலைச் சரிவு கடலில் வந்து முடியும் இடத்தில் இருக்கிறது. தெல்கிரெஸ் தன் ஆட்களோடு அதற்குள் போய்க் கதவைச் சாத்தினார். பன்னிரண்டு நாள் முற்றுகை. குண்டு பறக்கும்போது கோட்டைச் சுவர்மேல் உட்கார்ந்து தெல்கிரெஸ் வயலின் வாசித்துக்கொண்டிருந்தார் என்று ஒரு கதை உண்டு. வாசித்தாரோ இல்லையோ, அந்த ஊர்க்காரர்களுக்கு அது பிடித்த கதை. மே 22ம் தேதி இரவு, கோட்டையின் பின்பக்கத்துச் சின்ன வாசல் வழியாக எல்லோரும் ஆற்றுப் பக்கம் இறங்கித் தப்பினார்கள். இன்யாஸ் என்ற தளபதி ஒரு கூட்டத்தோடு கிராந்த்தேர் பக்கம் போனார். மூன்றாம் நாள் அவர் கதை முடிந்தது. தெல்கிரெஸ் மலைமேல் ஏறினார்.

மாத்தூபா என்ற இடம். குளிர்ச்சியான மலைச்சரிவு. அங்கே ஒரு தோட்டத்து வீடு. மே 28ம் தேதி பிரெஞ்சுப் படை சுற்றி வளைத்தது. உள்ளே சுமார் 300 பேர். ஆண்கள், பெண்கள். வெடிமருந்தைத் தயாராகப் பரப்பி வைத்துவிட்டு, எதிரிப் படையின் முன்வரிசை வீட்டுக்கு அருகில் வரும்வரை காத்திருந்தார்கள். அப்புறம் கொளுத்தினார்கள். வந்தவர்களில் சிலரையும் சேர்த்துக்கொண்டு வீடு ஆகாயத்துக்குப் போனது.

இப்போது அங்கே போனால் பார்க்க ஒன்றும் இல்லை. ஒரு நினைவுக் கல், வாழை மரங்கள், மழை. மியூசியம் பைத்தியங்கள் ஏமாந்துபோவார்கள். எனக்கென்னவோ தீவிலேயே முக்கியமான இடம் அதுதான் என்று தோன்றுகிறது.

சண்டையில் பிடிபட்டவர்களில் சொலித்யூத் என்று ஒரு பெண். அவரைப்பற்றி அந்த நூற்றாண்டின் சரித்திரப் புத்தகம் ஒன்றில் சில வரிகள் இருக்கின்றன. அவ்வளவுதான் ஆதாரம். கர்ப்பிணி. தூக்குத் தண்டனை. ஆனால் வயிற்றில் இருப்பது யாருடைய சொத்து? முதலாளியுடையது. சொத்தைச் சேதப்படுத்தக்கூடாதில்லையா? பிரசவம் வரை காத்திருந்து, 1802 நவம்பர் 29ம் தேதி, பிள்ளை பெற்ற மறுநாள் தூக்கில் போட்டார்கள். அசையும் சொத்து என்று மேலே சொன்னது சும்மா சட்ட வார்த்தை என்று நினைத்திருந்தால், இப்போது இன்னொரு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

1999ல் தீவின் ஆபீம் என்ற ஊரில் சொலித்யூத்துக்குச் சிலை வைத்தார்கள். இடுப்பில் கை வைத்து, வயிற்றைத் தூக்கிக்கொண்டு நிற்கும் சிலை. 2022ல் பாரிசிலும் ஒன்று. சில வரிகளில் இருந்தவர் சிலையாவதற்கு ஏறத்தாழ இருநூறு வருடம்.

ரிஷ்பான்ஸ் என்ன ஆனார்? ஜெயித்தார். தீவை அடக்கினார். செப்டம்பர் 3ம் தேதி மஞ்சள் காய்ச்சலில் செத்துப்போனார். வந்து நாலே மாதம், வயது 32. கோட்டைக்குள்ளேயே புதைத்தார்கள். கோட்டைக்கும் அவர் பெயரையே வைத்தார் நெப்போலியன். அப்புறம் பல தடவை பெயர் மாறி, 1989ல்தான் அது தெல்கிரெஸ் கோட்டை ஆனது. கல்லறையை யாரும் பெயர்த்தெடுக்கவில்லை. அதே வளாகத்தில் தெல்கிரெசுக்கு ஒரு நினைவிடமும் இருக்கிறது. பாரிசில் ரிஷ்பான்ஸ் பெயரில் ஒரு தெரு இருந்தது. 2001ல் பாரிஸ் மாநகராட்சி அதை மாற்ற முடிவெடுத்தது. புதுப் பெயர் செவாலியே த சான் ஜார்ஜ். யார் அவர்? குவாதலூப்பில் ஓர் அடிமைப் பெண்ணுக்குப் பிறந்து, பாரிசில் வயலினிலும் வாள்வீச்சிலும் கொடிகட்டிப் பறந்தவர். யார் யோசனையோ, நல்ல யோசனை.

சரி, அடிமைமுறை திரும்ப வந்ததற்கு உத்தரவு எங்கே? அதுதான் வேடிக்கை. 1802 ஜூலை 16ம் தேதி நெப்போலியன் குவாதலூப்புக்கென்று தனியாக ஓர் ஆணை போட்டார். ஊரறிய அரசிதழில் போடவேண்டிய விஷயம். போடவில்லை. விடுதலையை ஊரைக் கூட்டிச் சொன்னார்கள். பறித்ததை ஃபைலுக்குள் வைத்துக்கொண்டார்கள். அந்தக் காகிதம் முதன்முதலாகப் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது 2021ல். நெப்போலியன் இறந்து இருநூறு வருடம் ஆனதற்குப் பாரிசில் பெரிய கண்காட்சி வைத்தார்கள். கிரீடம், வாள், சிம்மாசனம் இதற்கெல்லாம் நடுவே இதையும் எடுத்து வைத்தார்கள்.

அடுத்த நாற்பத்தாறு வருடம் பழைய கதை. நடுவே ஒரு காமெடி உண்டு. பிரிட்டன் மறுபடி தீவைப் பிடித்து, 1813ல் அதைச் சுவீடனுக்குக் கொடுத்தது. அடுத்த வருடமே பிரான்சுக்குத் திரும்பக் கொடுக்கவேண்டி வந்ததால் சுவீடனுக்கு 24 மில்லியன் பிராங்க் நஷ்டஈடு. இந்தப் பணத்தை வைத்து சுவீடன் ராஜ குடும்பத்துக்கு வருடா வருடம் ஒரு தொகை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். எப்போது நிறுத்தினார்கள்? 1983ல்! இந்திரா காந்தி ஆட்சிக் காலம் வரைக்கும் ஓடிய கணக்கு.

1848. பாரிசில் மறுபடி புரட்சி. விக்டர் ஷெல்ஷேர் என்ற பிரமுகர் பல வருடம் அடிமைமுறைக்கு எதிராக எழுதிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தவர். அவர் முயற்சியில் ஏப்ரல் 27ம் தேதி ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் கப்பலில் வந்துகொண்டிருக்கும்போதே மார்த்தினிக்கில் அடிமைகள் பொறுமை இழந்து கிளம்பிவிட்டார்கள். அதைப் பார்த்துப் பயந்து, குவாதலூப் கவர்னர் மே 27ம் தேதி, காகிதம் வந்து சேர்வதற்கு முன்னாலேயே விடுதலையை அறிவித்துவிட்டார். சுமார் 87,000 பேர். அதுவரை குடும்பப் பெயரே இல்லாதவர்கள். அதிகாரிகள் மேஜை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் வாயில் வந்த ஒரு பெயரைச் சூட்டி ரிஜிஸ்டரில் எழுதினார்கள். தாத்தா பெயர் தேடும் குவாதலூப்காரர்கள் இன்றைக்கும் அந்த ரிஜிஸ்டர்களைத்தான் புரட்டுகிறார்கள்.

நஷ்டஈடு? கொடுத்தார்கள். முதலாளிகளுக்கு! 1849 ஏப்ரல் 30 சட்டப்படி, குவாதலூப்பில் தலைக்கு 469 பிராங்க் 53 சந்தீம். அந்த 53 சந்தீமைக் கவனியுங்கள். என்ன ஒரு துல்லியம்! விடுதலையானவனுக்குத் தம்படி இல்லை. முதலாளிகளுக்குப் போன தொகையில் எட்டில் ஒரு பங்கைப் பிடித்துவைத்து, அதில் காலனிகளில் பேங்க் ஆரம்பித்தார்கள். மனிதன் அசையும் சொத்தாக இருந்தான், அப்புறம் பங்கு மூலதனமானான். என் கல்லூரிப் பாடத்தில் இப்படியொரு என்ட்ரி கிடையாது.

ஷெல்ஷேர் தன்னிடமிருந்த கலைப்பொருள் சேகரிப்பை 1883ல் குவாதலூப்புக்குக் கொடுத்தார். அதை வைக்க புவாந்த்தாபீத்ரில் ஓர் அழகான மியூசியம் கட்டி 1887ல் திறந்தார்கள். முகப்பு முழுக்கப் பூ வேலைப்பாடு. உள்ளே கிரேக்கச் சிலைகளின் பிளாஸ்டர் நகல்கள்கூட உண்டு. விடுதலையான மக்கள் நல்ல கலைகளைப் பார்த்து ரசிக்கட்டும் என்ற எண்ணம். மனிதர் நல்லவர், சந்தேகமில்லை. ஆனால் நீண்டகாலம் குவாதலூப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்த சரித்திரம் இப்படித்தான் இருந்தது: அடிமைகள் இருந்தார்கள், ஷெல்ஷேர் வந்தார், விடுதலை கொடுத்தார். தெல்கிரெசைக் காணோம். மாத்தூபாவைக் காணோம். விடுதலை கொடுத்தவருக்கு 1887லேயே மியூசியம். கேட்டுச் செத்தவருக்கு 1989ல்தான் கோட்டை வாசல். இந்தக் கோபம்தான் 2020 மே மாதம் மார்த்தினிக்கில் ஷெல்ஷேர் சிலைகளை இளைஞர்கள் கயிறு கட்டிச் சாய்த்ததில் போய் முடிந்தது. சாய்த்தது சரியா என்றால், எனக்கு உடன்பாடில்லை. லூசிலின் கதையைப் புத்தகத்தில் எழுதி ஊருக்குச் சொன்னவர்களில் அந்த ஷெல்ஷேரும் ஒருவர். ஆனால் ஏன் சாய்த்தார்கள் என்பது புரிகிறது.

இதற்கெல்லாம் பதிலாகக் கட்டியதுதான் மெமோரியல் ஆக்ட். அடிமை வணிகத்துக்கான நினைவகம். புவாந்த்தாபீத்ர் துறைமுகக் கரையில் தார்பூசியே என்ற பழைய சர்க்கரை ஆலை இருந்தது. 1869ல் ஓடத்தொடங்கி 1980ல் மூடிய ஆலை. சரியாக அந்த இடத்தில் கட்டினார்கள். கறுப்புப் பளிங்குப் பெட்டி மாதிரி ஒரு நீளமான கட்டடம். அதன்மேல் வெள்ளி நிறத்தில் பின்னிப் பின்னி ஓடும் வேர்கள். பாழடைந்த கட்டடங்களை ஆலமரம் பிடித்துக்கொள்ளுமே, அது மாதிரி. செலவு 83 மில்லியன் யூரோ. 2015 மே 10ம் தேதி அன்றைய பிரெஞ்சு ஜனாதிபதி ஒலாந்த் வந்து திறந்துவைத்தார். மே 10 தெல்கிரெஸ் அறிக்கை விட்ட தேதி. அடிமைமுறை மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்று பிரெஞ்சு செனட் சட்டம் நிறைவேற்றியதும் 2001ல் ஒரு மே 10தான். இப்போது அது பிரான்சில் அடிமைமுறை நினைவு நாள்.

திறப்பு விழா அன்றே தீவில் எதிர்ப்பும் இருந்தது. இளைஞர்களுக்கு வேலை இல்லை. குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருவதில்லை. விலைவாசி பாரிசைவிட அதிகம். இதற்காகவே 2009ல் 44 நாள் பொது வேலைநிறுத்தம் செய்து தீவையே ஸ்தம்பிக்க வைத்தார்கள். இதற்கெல்லாம் பணம் இல்லை, செத்தவர்களுக்கு மாளிகையா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்காக மாளிகை வேண்டாத செலவு என்று சொல்லிவிடவும் முடியவில்லை. 2017ல் ஐரோப்பிய கவுன்சிலின் மியூசியம் பரிசு அதற்குக் கிடைத்தது. அதைவிட, சர்க்கரை ஆலை நின்ற இடத்தில் சர்க்கரையின் விலையைச் சொல்லும் கட்டடம் நிற்கிறது. அது சின்ன விஷயமா?

மாளிகை இல்லாத இடங்களும் இருக்கின்றன. லெ மூல் பக்கத்தில் சான்த் மார்கரித் கடற்கரை. மணலுக்குள் மனித எலும்புகள் தெரிகின்றன என்று 1997லிருந்து தொல்லியல்காரர்கள் தோண்டினார்கள். நூற்றுக்கணக்கான புதைகுழிகள். அடிமைகளின் இடுகாடு. சில மண்டையோடுகளில் முன்பற்கள் அரம் போட்டுக் கூராக்கப்பட்டிருந்தன. அது ஆப்பிரிக்காவில் சில இனங்களின் வழக்கம். பெயர் கிடையாது, ரிஜிஸ்டர் கிடையாது. பல்லை வைத்துத்தான், இவர் இங்கே பிறந்தவரில்லை, கப்பலில் வந்தவர் என்று யூகிக்கிறார்கள்.

இதே தீவில் இன்னொரு கப்பல் கதை இருக்கிறது. அது நம்முடையது.

1848க்குப் பிறகு விடுதலையானவர்கள், நியாயமான கூலி கொடு, இல்லாவிட்டால் வரமாட்டேன் என்றார்கள். முதலாளிகள் வேறு ஆள் தேடினார்கள். 1854 டிசம்பர் 24ம் தேதி, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், ஒரேலி என்ற கப்பல் 314 இந்தியர்களோடு புவாந்த்தாபீத்ருக்கு வந்தது. 1889 வரை சுமார் 42,000 பேர். பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகப் போனவர்கள் ஏராளம். ஐந்து வருட ஒப்பந்தம். ஆணுக்கு மாதம் பன்னிரண்டரை பிராங்க். மாதம் என்றால் காலண்டர் மாதம் இல்லை. 26 நாள் முழுசாக வேலை செய்தால்தான் ஒரு மாதம். காய்ச்சலில் படுத்த நாள் கணக்கில் வராது. ஊர் திரும்பியவர்கள் பத்தாயிரத்துக்கும் குறைவு. போனவர்களில் பாதிக்கு மேல் அங்கேயே செத்துப்போனார்கள்.

விடுதலையானவர்கள் கூலியை உயர்த்திக் கேட்கும்போது அதை உடைக்க வந்தவர்கள் என்றுதான் கறுப்பர்கள் நம் ஆட்களைப் பார்த்தார்கள். அவர்கள் பார்வையில் அது உண்மையும்கூட. வந்தவனுக்கு அதெல்லாம் தெரியாது. பஞ்சம், கடன், ஏஜெண்ட் கொடுத்த முன்பணம், இவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். ஒரே முதலாளி, ஒரே கரும்புக்காடு, ஒருவருக்கொருவர் பகை. முதலாளிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பாஸ்தேரின் கிழக்குக் கரையில் கப்பெஸ்தேர் என்ற ஊர். அங்கே ஷாங்ஜி என்ற இடத்தில் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கோயில். பிரெஞ்சு சைன்போர்டுகளுக்கு நடுவே சட்டென்று சுதைச் சிற்பங்கள் தெரிந்தால் தூக்கிவாரிப் போடத்தான் செய்யும். அங்கே கும்பிடுவது மாலியெமினை. நம் மாரியம்மன். மல்தேவிலின் என்றொரு சாமியும் உண்டு. நாலு தடவை வேகமாகச் சொல்லிப் பாருங்கள், மதுரைவீரன் வந்துவிடுவார். தமிழ் பேசத் தெரியாது, ஆனால் பாட்டு வாய்வழியாகவே வந்திருக்கிறது. சமையலில் 'கொலம்போ' என்று ஒரு அயிட்டம். ஆட்டுக்கறியோ கோழியோ மசாலா போட்டு வைப்பது. தீவு முழுக்க, கறுப்பர் வீட்டிலும் வெள்ளையர் வீட்டிலும் அதுதான் விசேஷச் சாப்பாடு. இலங்கைத் தலைநகர் பெயர் என்கிறார்கள் சிலர். குழம்புதான் அப்படி ஆகிவிட்டது என்கிறார்கள் சிலர். என் ஓட்டு குழம்புக்கு.

ஓட்டு என்றதும் கப்பெஸ்தேர்காரர் ஒருவர் ஞாபகம் வருகிறார். ஹென்றி சிதம்பரம். 1863ல் அங்கேயே, இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1904ல், இந்தியர்களின் பிள்ளைகளை வாக்காளர் பட்டியலில் சேர்க்க முடியாது என்று நிர்வாகம் சொன்னது. ஏன்? நீங்கள் பிரிட்டிஷ் பிரஜைகள். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, பார்த்தே இராத ஒரு ராஜாவின் பிரஜைகளாம்! பிறந்தது இங்கே, வேலை இங்கே, வரி இங்கே. ஓட்டு மட்டும் கிடையாது. கறுப்பனுக்கு 1848லேயே சட்டப்படி கிடைத்த குடியுரிமை இவனுக்கு இல்லை.

சிதம்பரம் கோர்ட்டுக்குப் போனார். நிர்வாகம் மேல்முறையீடு செய்தது. மனு மேல் மனு போட்டார், பத்திரிகையில் எழுதினார், பாரிஸ் வரைக்கும் ஃபைல் போனது. கொஞ்சநஞ்ச வருடமில்லை, 19 வருடம். நடுவே ஒரு உலகப்போரே வந்துவிட்டுப் போனது. 1923ல்தான், இவர்களும் பிரெஞ்சுக் குடிமக்களே, பட்டியலில் சேர்த்துக்கொள் என்று பாரிசிலிருந்து பதில் வந்தது. சிதம்பரத்துக்கு அப்போது வயது அறுபது. 1952ல் காலமானார். 1981ல் குவாதலூப்பிலிருந்து பாரிஸ் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஒருவரின் பெயர், எர்னெஸ்ட் முத்துசாமி.